அமிர்தநாதனுக்குப் போட்ட கண்ணாடி

வலது கைக் கட்டைவிரல் சட்டத்தின் மூலையைத் தடவிப் பார்த்தது. நகத்தில் ஏதோ தட்டியது. இடது கை சட்டத்தைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, வலது கை உப்புத்தாளை மடித்து அந்த இடத்தில் மட்டும் மெல்ல இழுத்தது. மறுபடி தடவியபோது நகம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு கண்ணாடி. அதைப் பழைய வேட்டித் துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இன்னொரு முறை துடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் எழுதிய தாள், தாளுக்குப் பின்னால் அட்டை, அட்டையைப் பிடிக்கச் சின்ன ஆணிகள். ஆணிகளைச் சுத்தியலால் அடிக்கவில்லை. உளியைப் படுக்கவைத்து அதன் பக்கவாட்டால் ஒவ்வொன்றாகத் தள்ளியது. அப்படிச் செய்தால் கண்ணாடி அதிராது. கடைசியில் பழுப்புத் தாளில் பசை தடவி முதுகை மூடியது.

"ஏனுங்க, பசை போதுங்களா, இன்னுங் கொஞ்சம் காய்ச்சட்டுங்களா?" என்று உள்ளேயிருந்து செல்லாத்தாள் கேட்டாள்.

"போதும் புள்ள. இது ஒண்ணுதான். நாளைக்குக் கூட்டத்துக்கு."

கைகளுக்கு உரியவர் பெயர் ஈஸ்வரமூர்த்தி. பாலக்காட்டுப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையின் கடைவீதியில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. சாமி படம், செத்துப்போனவர்கள் படம், பள்ளிக்கூடத்தில் வாங்கிய பத்திரம், எல்லாம் அங்கே வரும். ஆனால் அவருக்குப் பெயர் வந்தது வாழ்த்து மடலால். அந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து ஒரு வாழ்த்துப்பா எழுதி, கண்ணாடி போட்டு, பந்தலில் நின்று சத்தமாக வாசித்து, மணமக்கள் கையில் கொடுப்பார்கள். இளம் வயதில் கோயமுத்தூரில் ஒரு கடையில் வேலை பழகியபோது, முதுகுத் தாள் ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மடலையும் ஈஸ்வரமூர்த்தி ஒரு துண்டுத்தாளில் பார்த்து எழுதிக்கொள்வார். எழுத எழுத எங்கே சீர் முடிகிறது, எங்கே எதுகை விழுகிறது என்று கைக்குப் பிடிபட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன மனிதர் யாப்பிலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி, அட்டை கிழியும்வரை படித்தார். சொந்தக் கடை போட்ட பிறகு மற்றவர்கள் எழுதிக் கொண்டுவருவது நின்று, எல்லா மடலையும் அவரே எழுதும்படி ஆனது. வடகரப்பதியிலிருந்து பெருமாட்டிவரை எந்தக் கல்யாண வீட்டுச் சுவரில் பார்த்தாலும், பூக்கொடி வளைத்த மடலின் வலது கீழ்மூலையில் 'ஈஸ்வரமூர்த்தி' என்று இருக்கும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு மடலையும் செல்லாத்தாளுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் பசை கிண்டிக்கொண்டே கேட்பாள். "நல்லாருக்குதுங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதே சொல், அதே குரல். உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலைப் போல. அந்தச் சொல்லுக்கு மேல் இன்னும் ஒன்று அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்ன வர வேண்டும் என்று அவருக்கே தெரியாது. வெளியில் சொல்லும் ஆசையும் அல்ல அது.

ஊரில் எழுத்தாளர் மன்றம் ஒன்று இருந்தது. உரக்கடை மாரப்பன் தலைவர். வாயனசாலை என்று மலையாளத்தில் பலகை தொங்கும் படிப்பகத்தின் பின்னறையில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். வெளியூரிலிருந்து யாராவது பேச வந்தால், முடிவில் ஈஸ்வரமூர்த்தி வரவேற்பு மடல் வாசித்து, கண்ணாடி போட்டதை விருந்தாளி கையில் கொடுப்பார். அதோடு கூட்டம் முடியும். அவருக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதக் கூட்டத்துக்கு மாரப்பன் அழைத்தது அமிர்தநாதனை. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை. புதுக்கவிதை எழுதுகிறவர். சொந்தச் செலவில் அச்சடித்த மெல்லிய புத்தகம் ஒன்று மன்றத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. நெசவுப் பட்டறைக்காரன் பெரியமுத்து அதை மனப்பாடமாகவே சொன்னான். இத்தனைக்கும் ஈஸ்வரமூர்த்தி எழுதிய அவன் கல்யாண மடலில் ஒரு வரிகூட அவனுக்கு நினைவில் இல்லை.

ஈஸ்வரமூர்த்தியும் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல். பக்கத்தின் வலது பாதியில் ஒன்றுமில்லை.

"இதெ எழுதறதுக்கு ஒரு ஆளு வேணுங்களா?" என்று மாரப்பனிடம் கேட்டார்.

"படிச்சுப் பாருங்க மூர்த்தியண்ணா. ரண்டு நாளைக்குத் தொண்டையிலயே நிக்குது."

"மீன் முள்ளுங்கூட நிக்கும்."

மாரப்பன் சிரித்துவிட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாக மேசை இழுப்பறையில் வைத்தார். அந்த இரண்டு கைகளை ஈஸ்வரமூர்த்தியால் மறக்க முடியவில்லை. தன்னுடைய மடலை மாரப்பன் என்றைக்கும் ஒரு கையால்தான் வாங்கியிருக்கிறார்.

அப்படியும் வரவேற்பு மடலை எழுதினார். விருத்தம். ஓரத்தில் தேயிலைக் கொடி மாதிரி ஒன்று வரைந்தார். தேயிலையை அவர் பொட்டணத்தில் மட்டுமே பார்த்திருந்ததால் அது வெற்றிலைக் கொடியாக வந்தது. எழுதும்போதே கூட்டத்தில் சொல்ல வேண்டிய பதில்களையும் தயார் செய்துகொண்டார். யாப்பு செத்துப்போயிற்று என்று அந்த ஆள் சொல்வார், சொன்னால் இப்படிக் கேட்க வேண்டும், அதற்கு மேலும் பேசினால் இப்படி மடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அமிர்தநாதன் வந்தார். குள்ளமான ஆள். அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. மலையிலிருந்து இறங்கியவருக்கு முகமெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காராமல் மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

"எனக்குப் பேசிப் பழக்கமில்லண்ணே" என்று தொடங்கினார். "வேல நேரத்துல பேசினா எங்க கங்காணி பக்கத்துல வந்து நிப்பாரு. அவரு வந்து சேருறதுக்குள்ள சொல்லி முடிச்சிரணும். அந்தப் பழக்கத்துலதான் எழுதவுஞ் செய்யுதேன். அதான் எல்லாம் குட்டை குட்டையா இருக்கு."

அறை முழுக்கச் சிரிப்பு. ஈஸ்வரமூர்த்தி செய்தித்தாளில் சுற்றிய சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். சிரிக்கவில்லை.

மாரப்பன் கேட்டார்: "ஏனுங்க, இந்த யாப்பு, சந்தம் இதெல்லாம் வேண்டாங்கறீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம்னு யாரு சொன்னா? எனக்கு வரல. ராத்திரியெல்லாம் உக்காந்து பாத்தேன், வரவே இல்ல. வந்திருந்தா நானும் விருத்தம்தான் எழுதிட்டு இருப்பேன்."

தயார் செய்துவைத்த பதில்கள் எல்லாம் ஈஸ்வரமூர்த்தியின் வாய்க்குள்ளேயே கிடந்தன. அந்த மனிதர் சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். தெரியாது என்று இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு அதற்கும் கைதட்டல் வாங்குகிற ஒருவரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று இந்த அறையில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஒண்ணு வாசிக்கேன்" என்றார் அமிர்தநாதன். "எங்களுக்கு லைன் வீடு. ஒரே வரிசையா அடுத்தடுத்து இருக்கும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே சுவரு. அவ்வளவு தெரிஞ்சா போதும்."

புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பக்கத்து வீட்டு அடுப்பு
நடுச்சுவரின் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நாங்கள்
முதுகு சாய்த்துக்
குளிர் காய்வோம்."

நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை, எதையும் தேடவும் இல்லை. சும்மா நின்றார். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்து, தூரமாகப் போய்க் கேட்காமல் ஆனது. பின்வரிசையிலிருந்து பெரியமுத்து மெதுவாக, "மறந்து போச்சுங்களா? நான் சொல்லட்டுங்களா?" என்றான். யாரோ அவன் தொடையில் கிள்ளினார்கள்.

"இன்று
சுவர் குளிர்கிறது."

அவ்வளவுதான். கைதட்ட வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, அந்த ஊட்ல என்னாச்சுங்க?"

செல்லாத்தாள். காப்பி டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்றிருக்கிறாள். கூட்டத்துக்குக் காப்பி கொண்டுவருவது வழக்கம். வந்து வைத்துவிட்டுப் போவாள். எவர் பேச்சையும் நின்று கேட்டதில்லை.

இரண்டு பேர் சிரித்தார்கள். அமிர்தநாதன் சிரிக்கவில்லை. "தெரியலக்கா" என்றார்.

"பக்கத்து ஊடுதானுங்களே. எட்டிப் பாத்திருக்கலாமில்லீங்க?"

"பாத்திருக்கணும்" என்றார் அவர். மேசை ஓரத்தை விட்டு நிமிர்ந்து, "எழுத உக்காந்துட்டேன்" என்றார்.

செல்லாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டு தட்டை மேசையில் வைத்தாள். போகவில்லை. சுவரை ஒட்டி நின்றுகொண்டாள்.

ஈஸ்வரமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு காலம் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. வேறொருவருக்குக் கிடைத்ததைப் பார்த்ததும் தெரிந்தது. என்னாச்சுங்க என்ற ஒரு கேள்வி. எத்தனை கல்யாணங்களுக்கு, எத்தனை பாட்டுக்கள் அவளிடம் வாசித்திருப்பார். மலையிலிருந்து பஸ்ஸேறி வந்த ஆள் ஏழு வரியில் அதை வாங்கிவிட்டார். நெஞ்சுக்கு நடுவில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. இந்தக் கவிதையை அவர் புத்தகத்தில் படித்திருந்தார். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

"அடுத்து நம்ம மூர்த்தியண்ணன் வரவேற்பு மடல் வாசிப்பாருங்க" என்றார் மாரப்பன்.

எழுந்தார். மடியிலிருந்த பொட்டணத்தைப் பிரிக்காமலே, மனப்பாடமாக வாசித்தார்.

"மலைமுகட்டில் தேயிலைக்கு மணம்கொடுக்கும் ஊரினின்று
கலைமணக்கக் கவிமணக்கக் கால்நடந்து வந்தவரே"

"பஸ்லதானுங்க வந்தாரு" என்றான் பெரியமுத்து.

எப்போதும் அவன் அப்படித்தான், எல்லாரையும் ஏதாவது சொல்வான். மற்ற நாளாக இருந்தால் ஈஸ்வரமூர்த்தியும், "உன்ற கல்யாணத்துல நீ தேர்ல வந்தேன்னு எழுதினேனே, அப்பக் கேக்கறதுக்கென்ன" என்று திருப்பிக் கொடுத்திருப்பார். இன்றைக்கு வரவில்லை. மீதியை வாசித்து முடித்தார். வழக்கமான இடத்தில் வழக்கமான கைதட்டல் விழுந்தது. அமிர்தநாதன் நன்றாகவே தட்டினார். தட்டிவிட்டு மடலை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கண்ணாடி கீறிப்போச்சுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "வர்ற வழியில மோதிருச்சு. மாத்தித் தந்தர்றனுங்க. உங்க பஸ்ஸுக்குள்ள."

கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. இதைக் கொடுத்தால் அந்த ஆள் நன்றாக இருக்கிறது என்று சொல்வார். அவரும் அந்தச் சொல்லைச் சொல்லி அதைக் கேட்க ஈஸ்வரமூர்த்தியால் முடியாது.

மாரப்பன் வீட்டில் விருந்தாளிக்குச் சாப்பாடு. ஈஸ்வரமூர்த்தி போகவில்லை. கடைக்கு வந்து பலகைகளைத் திறந்து, சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, ஒட்டிய பழுப்புத் தாளைக் கத்தியால் கிழித்தார். ஆணிகளைப் பிடுங்கினார். மடலை உருவி வெளியே போட்டார். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் வெறும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது செல்லாத்தாள் காப்பித் தட்டோடு வந்து சேர்ந்தாள்.

"கீறலே காணமுங்களே" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

அவர் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "நான் எழுதினதெப் பத்தி ஒருநாளாச்சும் நீ அப்படிக் கேட்டதுண்டா?"

"எப்படீங்க?"

"என்னாச்சுன்னு."

செல்லாத்தாள் தட்டை இறக்கிவைத்துவிட்டு யோசித்தாள். அவரைச் சமாதானப்படுத்தும் யோசனை அல்ல. நிஜமாகவே யோசித்தாள்.

"நீங்க எழுதறதுல எல்லாரும் நல்லா இருக்கறாங்க. பொண்ணு மாப்பளெ நல்லா இருக்குது, அவிய அப்பன் ஆத்தா நல்லா இருக்கறாங்க, வந்த சனமெல்லாம் நல்லா இருக்குது. நல்லா இருக்கறவங்களெப் போயி என்னாச்சுன்னு எப்படீங்க கேக்கறது?"

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ச் சோறு போட ஆரம்பித்தாள். தட்டின் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோகவில்லை.

ஒரு பாட்டைத் தெரிந்துகொள்ள ஈஸ்வரமூர்த்திக்கு ஒரே வழிதான் தெரியும். கோயமுத்தூரில் செய்தது போல அதைக் கையால் எழுதிப் பார்ப்பது. நல்ல தாளாக ஒன்றை எடுத்து, பென்சிலால் மெல்லிய கோடுகள் இழுத்து, பட்டை நிப்பை மையில் தோய்த்தார். பக்கத்து வீட்டு அடுப்பு என்று எழுதினார். எழுத்து எழுத்தாக எங்கே இருக்கிறது சூட்சுமம் என்று தேடிக்கொண்டே எழுதினார். எதுகை இல்லை. மோனை இல்லை. அவருக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. குளிர் காய்வோம் வரைக்கும் எழுதிவிட்டு, கொஞ்சம் இடம் விட்டு, கடைசி இரண்டு வரியையும் எழுதினார். இடைவெளியில் ஒரு பூ வரைந்தார். வாழ்த்து மடலில் எங்கே வெள்ளை விழுந்தாலும் அங்கே பூ. அதற்கு யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போடும்.

"ஏனுங்க, சோறு ஆறுது" என்று வந்த செல்லாத்தாள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பூவில் விரல் நின்றது.

"இதெ எதுக்குங்க வெச்சீங்க?"

"வெறும் எடமா இருந்தது."

"அங்கதானுங்க அவரு பேசாம நின்னாரு. அத்தன நேரம் நின்னாரு. இத்தினிகூண்டு எடம் எப்படீங்க பத்தும்?"

புத்தகத்தில் அந்த இடைவெளியே கிடையாது. ஐந்து வரியும் இரண்டு வரியும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் விட்டார். அவள் சொன்னது சரி. அவர் நின்றார். சைக்கிள் போய்க் கேட்காமல் ஆகும்வரை நின்றார்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். இந்தத் தடவை ஐந்து வரியையும் மேலே தள்ளி எழுதினார். அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தார். கடைசி இரண்டு வரிக்கான இடத்தை இன்னும் கீழே இறக்கி, தாளின் அடிப்பக்கத்துக்குக் கிட்டே ஒரு புள்ளி வைத்தார். நடுவே கை ஓடப் பார்த்தது. ஒரு கொடி, ஒரு வளைவு, ஒரு கோடாவது போட வேண்டும் என்று விரல் துடித்தது. நிப்பை மைக்கூட்டிலேயே வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்து, இன்று சுவர் குளிர்கிறது என்று எழுதினார். வலது கீழ்மூலைக்கு வந்தார். அவர் தம்முடைய பெயரை எழுதும் இடம் அது. கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த எட்டெழுத்துப் பெயர் அங்கே போய் உட்கார்ந்துவிடும். அமிர்தநாதன் என்று எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது. வேண்டுமென்றே நன்றாக எழுதினார்.

அட்டை வைத்து, ஆணி தள்ளி, முதுகுத் தாள் ஒட்டியாயிற்று. பஸ்ஸுக்கு நேரம் குறைவாக இருந்தது. அவசர வேலை என்றால் அவர் செய்வது ஒன்றுதான். பக்கத்துக் கடை இட்லிக் கடை. அவர்களுடைய அடுப்பு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். சுவர் எந்நேரமும் சூடாக இருக்கும், சட்டத்தைச் சாய்த்தால் பசை சீக்கிரம் காயும். வழக்கம்போலச் சாய்த்து வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் சூடு ஏறியது. கடை போட்ட நாளிலிருந்து தினமும் இந்தச் சுவரைத் தொட்டிருக்கிறார். மூணாறு மலையில் இருக்கும் சுவர்தான் இங்கேயும் இருக்கிறது. அந்த ஆளுக்கு ஒரு சுவர் இருந்தது, இவருக்கும் ஒன்று இருந்தது. அவர் எழுதிவிட்டார். இதைவிட, அவர் பெரிய படிப்புப் படித்தவராக இருந்து, இவருக்குப் புரியாத எதையாவது எழுதியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

செல்லாத்தாள் தரையில் கிடந்த வரவேற்பு மடலை எடுத்து, தூசி தட்டி, சுருட்டிக்கொண்டிருந்தாள். "இதெ என்னங்க பண்றது?" என்றாள்.

"நீயே வெச்சுக்க" என்றார்.

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றிருந்தது. மாரப்பனும் பெரியமுத்தும் இன்னும் சிலரும் அமிர்தநாதனைச் சுற்றி நின்றார்கள். ஈஸ்வரமூர்த்தி செய்தித்தாளைப் பிரித்து, எப்போதும் செய்வது போலச் சட்டத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் கூடியிருந்தவர்களுக்குக் காட்டினார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பெரியமுத்து, "ஏனுங்ணா, நடுவுல இத்தன எடத்தெ வெறுமனே உட்டுட்டீங்களே. ஒரு பூவாச்சும் போட்டிருக்கலாமுங்கல்ல?" என்றான்.

"போட்டுப் பாத்தேன். நல்லால்லே."

அமிர்தநாதன் கிட்டே வந்து பார்த்தார். கண்ணாடிமேல் படாமல் ஒரு விரலை அந்த வெள்ளைக்கு நேராகப் பிடித்தார். "எம் புத்தகத்துல இந்த எடம் இல்லண்ணே" என்றார். "விட்டுத்தான் எழுதிக் குடுத்தேன். காயிதம் தண்டம்னு அச்சாபீஸ்ல இழுத்து ஒட்டிட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எம்பட சம்சாரம் சொன்னா."

"உங்க பாட்டு எங்கண்ணே? கண்ணாடி மாத்திட்டு அதையில்ல தாரேன்னீங்க?"

"அது ஊட்ல இருக்குதுங்க."

"எனக்கு எழுதினதுதானே. தாங்க, கொண்டு போறேன்."

"உங்களுக்கு வேண்டாமுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. கோபமாகச் சொல்லவில்லை. பணிவாகவும் சொல்லவில்லை. "அதுல நீங்க நடந்து வந்தீங்க."

பெரியமுத்து சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஏறச் சொன்னார். அமிர்தநாதன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார். ஈஸ்வரமூர்த்தி சட்டத்தைத் தம் பக்கம் திருப்பி ஒருமுறை முழுக்கப் பார்த்தார். கீழ்மூலையில் அந்தப் பெயரைப் பார்த்தார். மூன்றாம் மனிதர் யாராவது பார்த்தால், எழுத்து எவருடையது என்று கேட்பார்களா என்று ஒரு கணம் நினைத்தார். கேட்க மாட்டார்கள்.

"மலையில வளைவு சாஸ்தி. மடியில படுக்கவெச்சுக்கங்க, நிமுத்திப் புடிச்சா கண்ணாடி அதிரும்" என்று சொல்லி, ஜன்னல் வழியாக அதை அமிர்தநாதனின் கைகளில் கொடுத்தார்.